மாவு மில்லில் ஒருத்தி மிச்சம்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் எழுதத் தகுந்த ஆள் இல்லை. பத்தாம் வகுப்பு வரை போனேன், கணக்கில் தவறினேன், அதோடு நின்றேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மாவுப் பைகளின் மேல்தான். ‘கோதுமை, நைசு’, ‘மல்லி, கொரகொரப்பு’, ‘ராகி, மதியம் வருவாங்க’. இப்படியே பல வருடம் எழுதியவள் உலக முடிவைப் பற்றி எழுத வந்தால் படிக்கிறவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிற பிறவி நான். பேச வராததால் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக முடிவைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரும் மாவு மில்லில் வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு தைரியம்தான்.

திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற வழியில் ஒரு சந்துக்குள் அந்த மில் இருந்தது. முதலாளி ஒரு பாய். அவர் வீட்டில் எல்லோரும் தோல் வியாபாரம், இவருக்கு மட்டும் தோல் வாடை ஆகாது. அதனால் மாவு மில் வைத்தார். உள்ளே இரண்டு மிசின். ஒன்று மாவுக்கு, ஒன்று மிளகாய்க்கும் மல்லிக்கும். வேலைக்கும் இரண்டு பேர், நானும் அக்காவும். கூடப்பிறந்த அக்கா இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அவள் குரல் மில் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். என் குரல் மில் ஓடாதபோதே கேட்காது. அதனால் வருகிற ஆட்களிடம் அவள் பேசினாள், நான் பையில் எழுதினேன்.

மாவு மிசினில் ஒருத்தி மேலே ஏறித் தொட்டியில் தானியத்தைக் கொட்ட வேண்டும். இன்னொருத்தி கீழே மாவு விழுகிற துணிக்குழாயைப் பிடித்துக்கொண்டு, விழும் மாவை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து, கல்லை இறுக்கு, தளர்த்து என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் அரவை. சேலைக்கு மேலே பாயின் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்போம். பத்து மணிக்குள் புருவம்வரை வெள்ளையாகிவிடும். பரலோகத்தில் எல்லோருக்கும் வெள்ளை அங்கி கொடுப்பார்கள் என்று பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் இருக்கிறதாம். நமக்கு அளவெடுக்க வேண்டிய வேலை மிச்சம் என்பாள் அக்கா.

நான் ஆர்.சி., கத்தோலிக்கச் சபை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டு வருவேன். உலகம் முடியும், தீர்ப்பு உண்டு என்று எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பூசை வைக்கிற எந்தச் சாமியாரும் அதற்காக அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அக்கா பெந்தெகொஸ்தே சபை. அங்கே அவசரம்தான் எல்லாமே. ஆண்டவர் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மேகத்தில் வருவார், எக்காளம் ஊதும், மரித்தவர்கள் முதலில் எழுவார்கள், பிறகு உயிரோடு இருக்கிற விசுவாசிகள் நின்ற இடத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். இரகசிய வருகை என்று அதற்குப் பெயர். மிச்சம் இருப்பவர்கள் கீழே கிடந்து ஏழு வருடம் அந்திக்கிறிஸ்துவிடம் படாத பாடு படுவார்கள். இதையெல்லாம் அக்கா சொல்லும்போது, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

நான் சொல்வது தொண்ணூற்றொன்பதாம் வருடம். இரண்டாயிரம் பிறக்கும்போது உலகம் இருக்காது என்று ஊரெல்லாம் பேச்சு. இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே. அக்கா சோப்பு வாங்கினால் உறையில் இருக்கும் கறுப்புக் கோடுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோவாள். அந்தக் கோடுகளுக்குள் அறுநூற்று அறுபத்தாறு ஒளிந்திருக்கிறதாம். அது மிருகத்தின் எண். போட்டோ ஒட்டின ஓட்டு அட்டை கொடுத்தபோது இரண்டு தடவை வாங்காமல் திரும்பி வந்தாள். மூன்றாம் தடவை, மிருகத்தின் முத்திரை வலது கையிலோ நெற்றியிலோதான் விழும் என்று எழுதியிருப்பதால், இடது கையை நீட்டி வாங்கினாள். கொடுத்த வாத்தியார் வெகுநேரம் முறைத்தாராம். நகை எதுவும் போட மாட்டாள், மூக்குத்திகூட இல்லை. நகை போட்டவர்கள் மேலே போகும்போது நகையும் கூடவே போகுமா, கழன்று கீழே விழுமா என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் என் தோட்டையே பார்த்தாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, மத்தேயுவில் இருக்கும் அந்த ஒரு வரி வரும்வரைக்கும்.

அரவை இல்லாத ஒரு மதியம் அக்கா தன் வேதப் புத்தகத்தைத் திறந்து எனக்குப் படித்துக் காட்டினாள். ஆண்டவர் வரும் நாளில் என்ன நடக்கும் என்கிற இடம். வயலில் இரண்டு ஆண்கள் இருப்பார்கள், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், ஒருவன் விடப்படுவான். இரண்டு பெண்கள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள், அதிலும் ஒருத்தி போவாள், ஒருத்தி நிற்பாள். படித்து முடித்துவிட்டு மிசினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு பொம்பளைங்க. எந்திரம். வேற யாரச் சொல்லியிருக்குங்கற?”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் எந்திரம் என்று இல்லை, ஏந்திரம் என்று நெடிலில் இருந்தது. அச்சுப் பிழை என்றாள் அக்கா. அன்று வீட்டுக்குப் போய் எங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அதில் திரிகை என்று போட்டிருந்தது. மறுநாள் காலையில் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பத்து மணி வரை யோசித்துவிட்டுச் சொன்னேன். உங்கள் புத்தகம் பழைய மாடலாக இருக்கும் என்றாள்.

கல்லாவில் இருந்த பாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஏந்திரம் என்றால் உளுந்து உடைக்கிற கல், கையால் சுற்றுவது, தன் அம்மா வீட்டில் ஒன்று கிடந்தது என்று அவர் சொன்னார். ஏந்திரமும் திரிகையும் ஒன்றுதான், இரண்டிலும் மோட்டார் கிடையாது என்றார். அக்கா அசரவில்லை.

“அந்தக் காலத்துக்குக் கல்லு, பாய். இது கடைசிக் காலம். கடைசிக் காலத்துல எவ பாய் கல்லுல அரைக்கிறா?”

பாய் சில்லறையை எண்ணிக் கல்லாவில் போட்டார்.

“சரிம்மா. எங்களுக்கும் கியாமத்து நாள்னு ஒண்ணு இருக்கு. அதுக்காக நான் மில்லப் பூட்டல. ரெண்டு பேருல யாரு போறதுன்னு ஒரு வாரம் முன்னாடி மட்டும் சொல்லிருங்க, நான் ஆளு பாக்கணும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. யார் போவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நிற்கப்போகிறவள் நான். அதுதான் அவளை அரித்தது. தூக்குச்சட்டியைத் திறந்தால் தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் வெஞ்சனத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள், தூக்குத் தண்டனைக் கைதிக்குப் பரிமாறுகிற மாதிரி. நான் மேலே போனபிறகு உனக்கு யார் இருக்கிறார்கள், ஆள்கிட்ட வாய் திறந்து பேசக்கூடத் தெரியாதே, அந்திக்கிறிஸ்து வந்து நெற்றியை நீட்டு என்றால் வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வருமா என்று கேட்பாள். வராது என்பது எனக்கும் தெரியும். கடைக்காரர் அழுகின தக்காளியைப் போட்டால்கூட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது.

இதற்கு ஒரே வழி நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பது. எனக்குக் குழந்தையிலேயே கோயிலில் ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்றேன். தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவார்களே, அதுவா என்றாள். “அது நனைச்சது. முழுகுனது இல்ல.” திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்த காலம். குடிக்கவே குடத்தோடு அலைந்தோம். அந்த ஊரில் ஒரு ஆள் முழுக்க முங்குகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், சபையார் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்கு வேன் வைத்துத்தான் போவார்கள். போகிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பாட்டுப் பாடுவார்கள். ஆண்கள், பெண்கள், தோட்டத்துக்காரர், அவர் வீட்டு மாடு எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஈரச் சேலையோடு நான் தொட்டியிலிருந்து ஏறி வர வேண்டும். ஏழு வருட உபத்திரவமே பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதை அக்காவிடம் சொல்ல முடியவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டி வைப்பேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆயுத பூசை முடிந்து ஒரு பத்து நாள் இருக்கும். காலையில் வந்ததுமே அக்கா சொன்னாள், இன்று பதினொரு மணிக்குப் பாஸ்டர் மில்லுக்கு வருகிறார் என்று.

“சும்மா பேசத்தான் வாராரு. ரெண்டு வார்த்த. நீ ஆமான்னு சொன்னாலும் சரி, தலைய ஆட்டுனாலும் சரி.”

மூன்றாவதாக ஒரு வழி அவள் வைக்கவில்லை. பாய் அன்று பாலசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மில்லில் நாங்கள் இருவர் மட்டும். ஒரு அம்மா கோதுமையைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அதை அரைத்துக்கொண்டிருந்தபோது மணி பதினொன்றாகிவிட்டது. பாஸ்டருக்குச் சந்து தெரியாது, செத்த நேரம் பார்த்துக்கொள், நான் ரோட்டு முனையில் போய் நின்று கூட்டி வாரேன் என்று அக்கா கிளம்பினாள். தொட்டி நிறையக் கோதுமை இருந்ததால் நான் கீழே உட்கார்ந்து மாவு பிடித்தேன்.

அப்போது பெரிய ரோட்டில் ஒரு சாவு போய்க்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற கிறிஸ்தவச் சாவு, பேண்டு செட்டோடு. எனக்கு மிசின் சத்தத்துக்குள் லேசாகத்தான் கேட்டது. நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பாஸ்டர் முன்னால் பாயின் கிழிந்த சட்டையோடு நிற்பதா என்று தோன்றி, சட்டையைக் கழற்றி முக்காலிமேல் போட்டேன். துண்டையும் அவிழ்த்து அதன்மேல் வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சந்துக்குள் ஒரு மொபெட் சத்தம் வந்தது. பாஸ்டர் வைத்திருப்பதும் மொபெட்தான். என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் மறந்துபோனது. மில்லுக்குப் பின்னால் தவிட்டு மூட்டை போடும் சின்ன அறை உண்டு. நான் அதற்குள் நுழைந்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். முப்பது வயது தாண்டியவள் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். நானே பலமுறை கேட்டுவிட்டேன்.

மொபெட் நிற்காமல் போய்விட்டது. அது கேஸ் சிலிண்டர்காரர். வெளியே வரலாம் என்று எழுந்தேன், அதற்குள் அக்கா உள்ளே வருவது கதவு இடுக்கில் தெரிந்தது. பின்னாலேயே பாஸ்டர் இருப்பார் என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் வரவில்லை. ஊர்வலத்தால் ரோடு அடைபட்டு, அவர் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் ஊர்வலம் தன்னைத் தாண்டிப் போகும்வரை சந்து முனையில் ஒதுங்கி நின்றிருக்கிறாள். மற்ற வாத்தியமெல்லாம் நின்று, டிரம்பெட் மட்டும் எக்காளம் மாதிரி தனியாக இழுத்து ஊதியதாம், அவள் காதுக்குப் பக்கத்திலேயே. அதைக் கேட்டுவிட்டு நேராக மில்லுக்கு வந்திருக்கிறாள்.

வந்தவள் கண்ணில் பட்டதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மிசின் ஓடுகிறது. ஆள் இல்லை. மாவு கொட்டுகிறது, பிடிக்கக் கை இல்லை. வாசலில் என் செருப்பு கிடக்கிறது. முக்காலியிலிருந்து சரிந்து விழுந்த சட்டை, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மாவில் கிடக்கிறது. மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மிசினை ஓடவிட்டுவிட்டு யாரும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். உயிர் போனால்தான் நகர்வார்கள். அதுவும் நான் நகரவே மாட்டேன்.

அக்கா என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் மூட்டைகளுக்கு நடுவில் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். பிறகு குனிந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே முழங்காலில் விழுந்தாள்.

சபையில் அவர்கள் சத்தமாகத்தான் ஜெபம் செய்வார்கள். மில் ஓடும்போது அதைவிடச் சத்தமாக. ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. முதலில், ஆண்டவரே அவளை எடுத்துக்கொண்டீரே, என்னை விட்டுவிட்டீரே என்று அழுதாள். ஒரு ஆர்.சி.யை எடுத்துக்கொண்டீரே என்று அதையே இரண்டு தடவை கேட்டாள். பிறகு தன் பாவங்களை ஒவ்வொன்றாக அறிக்கையிட ஆரம்பித்தாள். துணிக்குழாயைக் கடைசியில் உதறும்போது விழுகிற மாவு எங்களுக்கு என்பது மில் வழக்கம். தான் வேண்டுமென்றே பலமாக உதறுவதை அவள் ஒப்புக்கொண்டாள். மிளகாய் அரைக்கச் சோம்பல்பட்டு, மிசின் ரிப்பேர் என்று ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். ஆயுத பூசைக்குப் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தபோது, படைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மிளகாய் மிசின் பின்னால் நின்று தின்றதைச் சொன்னாள். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு முட்டியது. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள், சத்தம் குறைந்து.

“அவ நிப்பா, நான் போவேன்னு நெனச்சு அழுதேன் ஆண்டவரே. அழுதது நெசந்தான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் இருந்துச்சு. ஒருத்தி நின்னாத்தானே நான் போனது தெரியும். அதுதான் என்னையக் கீழ இறக்கிருச்சு.”

என் சிரிப்பு நின்றுபோனது. இனி நான் எப்படி வெளியே போவது? இப்போது போனால், இதையெல்லாம் நான் கேட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். போகாவிட்டால் அவள் அழுதே முடிந்துபோவாள். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அதன் வழியாகச் சுற்றி முன்வாசலுக்குப் போய், எங்கேயோ போய்விட்டு வந்தவள் மாதிரி நிற்கலாம் என்று தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அதற்குள் தொட்டியில் கோதுமை தீர்ந்துவிட்டது. மிசின் சத்தம் மாறியது. நடுவில் தானியம் இல்லாமல் ஓடினால் கல்லும் கல்லும் நேருக்கு நேர் உரசும். முதலில் ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் தீய்ந்த வாடை. கல் பாழாகிவிடும். கொத்தி எடுக்க ஆள் வந்தால் மூன்று நாள் வேலை நிற்கும். அக்கா அசையவில்லை. தலை தரையைத் தொட அப்படியே கிடந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. கூச்சம், பாஸ்டர், பாவ அறிக்கை எல்லாம் மறந்துபோனது. நான் எழுந்து நேரே போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

பெல்ட் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அந்த நிசப்தத்தில் அக்கா தலையைத் தூக்கினாள். தலை முதல் கால் வரை தவிடோடு நான் சுவிட்சுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள்.

“ஏண்டி, திருப்பி அனுப்பிட்டாரா?”

“மிசினு சும்மா ஓடுதுக்கா” என்றேன்.

அவள் எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். நிஜமாகவே வலித்தது. எங்கே இருந்தாய் என்று கேட்டாள். தவிட்டு அறை என்றேன். எதற்கு என்றாள். பாஸ்டருக்குப் பயந்து என்றேன். அவள் அப்படியே மாவுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அம்புட்டுப் பயம்னா என்கிட்ட வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே, கழுத.”

சொன்னேன். “வேணாம்க்கா. எனக்கு வேணாம்.”

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இதைச் சொல்ல உனக்கு இத்தனை மாசமா என்று மட்டும் கேட்டாள். பிறகு வேறு எதையோ பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டாயா என்றாள். மிசின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றேன்.

“பொய் சொல்ற. இப்பத்தான் பொழைச்ச, அதுக்குள்ள பொய்யா?” என்றவள், வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “பொங்கல மட்டும் பாஸ்டர்கிட்ட சொல்லிராத.”

பாஸ்டர் வரும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. மெலிந்த மனிதர், வெயிலில் வாடிப்போயிருந்தார். மொபெட்டில் ஒரு பை ராகியும் கொண்டு வந்திருந்தார், வந்த கையோடு அரைத்துக்கொண்டு போகலாம் என்று. மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, இந்தச் சகோதரிதானா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“அவளப் பத்திக் கவலைப்படாதீங்க ஐயா” என்றாள் அக்கா. “அவ எப்படியும் போயிருவா. எனக்குத்தான் ஜெபம் வேணும். எனக்குப் பண்ணுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனிதர், எதுவும் கேட்காமல் அவள் தலைமேல் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நீண்ட ஜெபம். நான் அதற்குள் அவர் ராகியைத் தொட்டியில் கொட்டி வைத்தேன், பையில் ‘ராகி, நைசு, பாஸ்டர்’ என்று எழுதினேன். ஜெபம் முடிந்ததும் நான் கீழே துணிக்குழாயைப் பிடிக்க உட்கார்ந்தேன். அக்கா பச்சைப் பொத்தானை அமுக்கப் போனவள் கையை எடுத்துவிட்டாள். என்னை எழுந்திரு என்றாள்.

“இனிமே நாம ரெண்டு பேரும் சேந்து அரைக்கவே வேணாம். நான் அரைக்கிறப்ப நீ சலி. நீ அரைச்சா நான் எடை போடுறேன். சலிக்கிறவளப் பத்தி வேதத்துல ஒண்ணும் சொல்லல.”

பாஸ்டரும் அங்கேதான் இருந்தார். அவர் மறுபடியும் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். நான் சல்லடையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அக்கா தானே மேலே ஏறி ராகியைக் கிளறிவிட்டாள், தானே இறங்கி வந்து மாவைப் பிடித்தாள், விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, தானே ஓடிப்போய்க் கல்லை இறுக்கினாள். இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்ததால் அரை மணியில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் ஆனது. பாஸ்டர் பொறுமையாகக் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையிலிருந்து கரண்டு இல்லை. மில் திறக்கவில்லை. எந்திரமே ஓடாத நாளில் யாரையும் எடுக்க முடியாது என்று அக்காவுக்கு அன்று ஒரு நாள் நிம்மதி.